டவர் கிடைக்காத நாட்கள்

அந்தக் குடியிருப்பில் எல்லா வீடும் ஒரே அச்சு. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய சமையலறை, பின்பக்கம் துணி துவைக்க ஒரு கல். எல்லாச் சுவருக்கும் ஒரே மஞ்சள். வந்த புதிதில் அவள் பக்கத்து வீட்டுப் பூட்டில் தன் சாவியை விட்டுத் திருகிக்கொண்டிருந்து, உள்ளேயிருந்து வந்த அம்மாளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அவளுக்கு வயது இருபத்து மூன்று. கணவன் பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறவன். மகளுக்கு இரண்டரை வயது. சான்றிதழில் நீளமாக ஒரு பெயர் இருந்தாலும் எல்லோருக்கும் அவள் வாண்டுதான்.

அவர்கள் குடிவந்த சில மாதங்களிலேயே அவனை மலைமேல் இருக்கும் எல்லை முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். குடும்பத்தை அங்கே அழைத்துப் போக முடியாது.

"டவர் கிடைச்சா பேசுவேன். கிடைக்கலைன்னா நான் நல்லா இருக்கேன்னு நினைச்சுக்கோ," என்றான் கிளம்பும்போது.

"அப்போ நீங்க பேசினாதான் நான் கவலைப்படணுமா?"

அவன் சிரித்துவிட்டான். வாண்டுவை இறக்கி அவள் கையில் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினான்.

அதன் பிறகு அவள் பேச்சுத் துணை வாண்டு ஒருத்திதான். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை நாய், பூனை, நிலா, சோறு, ஜட்டி, இவ்வளவுதான் பேச்சு. பெரியவர்களிடம் பேசுவதே மறந்துவிடும் போலிருந்தது. சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் ஒரு நாள், "மெதுவா வைங்க, கால்ல உவ்வா ஆயிடும்," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். தலை நரைத்த மனிதர் அவர். "ஆகாதும்மா," என்று ரொம்பப் பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலங்களில் குடியிருப்புப் பெண்கள் மாடிப்படிகளில் உட்கார்ந்து பேசுவார்கள். யாருக்கு எங்கே மாற்றல், யார் வீட்டுக்காரர் எப்போது வருகிறார், எந்தக் கடையில் பால் பவுடர் மலிவு. அவளும் போய் உட்காருவாள். ஆனால் அவர்களெல்லாம் வருஷக்கணக்காக இப்படி வாழ்ந்து பழகியவர்கள். "எனக்குத் தனியா இருக்கப் பயமா இருக்கு" என்று அங்கே வாய்விட்டுச் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அவளோடு ஒட்டிக்கொண்டது மாடி வீட்டு அக்கா மட்டும்தான். அக்காவின் பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படித்தார்கள். மாடியிலிருந்து அவள் பேசினால் கேட்டில் நிற்கிற காவல்காரனுக்குக்கூடக் கேட்கும். "ஏண்டி கீழ் வீடு! உயிரோட இருக்கியா?" என்பாள். ஜன்னல் வழியாக இவள் கையை நீட்டி ஆட்டினால் போதும். "சரி, கை இருக்கு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

மழை தொடங்கிய சமயத்தில் அவன் சில நாள் லீவில் வந்துவிட்டுப் போனான். அவன் போய் மாதம் ஒன்று கடந்தும் அவளுக்கு நாள் வரவில்லை. மருந்துக்கடையில் கர்ப்பம் பார்க்கிற பட்டை வாங்கிவந்து பார்த்தாள். இரண்டு கோடு.

அதை யாரிடமும் சொல்லவில்லை. மாடி அக்காவிடம்கூட. அதற்கு ஒரு காரணம் இருந்தது. வாண்டு வயிற்றில் இருந்தபோது அவள் முதலில் தன் அம்மாவிடம் சொன்னாள். அம்மா அத்தையிடம் சொல்ல, அத்தை போன் போட்டு மகனிடம் சொல்லிவிட்டாள். கடைசியில் அவன்தான் இவளைக் கூப்பிட்டு, "என்னவோ சொல்றாங்களே, நெஜமா?" என்று கேட்டான். ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு தனக்குத் தெரிந்தது என்று அவன் அதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்வான். கிண்டலுக்குள் ஒரு சின்ன வருத்தமும் இருந்தது. இந்தத் தடவை முதலில் கேட்கிற காது அவனுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள்.

அதிலும் வாண்டுவை விட்டே சொல்லவைக்கலாம் என்று ஆசை. தினமும் குளிப்பாட்டித் தலை துவட்டும்போது பாடம் நடக்கும்.

"அப்பாகிட்ட என்ன சொல்லணும்?"

"பாப்பா வதுது."

"வருது. பாப்பா வருது, அப்பா!"

"பாப்பா வதுது, அப்பா!"

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல வாண்டு சொல்லுவாள். சொல்லி முடித்ததும் தானே கைதட்டிக்கொள்வாள்.

அவன் கூப்பிட்டது ஒரே ஒரு தடவை. பின்னால், டவர் கிடைக்கிற அந்த ஒரே இடத்தில் நிற்க நாலைந்து பேர் தங்கள் முறைக்குக் காத்திருக்கிற சத்தம்.

"கேக்குதா?"

"கேக்குது. இருங்க, வாண்டு ஒண்ணு..."

"என்னது? கேக்கலை. கேக்குதா?"

"கேக்குதுங்க!"

"நல்லா இருக்கேன். கேக்குதா? நல்லா..."

அவ்வளவுதான். வாண்டு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தயாராக நின்றிருந்தாள். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று அவளைத் தூக்கிக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை காலை, துவைக்கிற கல்லில் போர்வையை அலசிக்கொண்டிருந்தபோது அடிவயிற்றில் சுருக்கென்று பிடித்தது. முதலில் குனிந்து நின்றதனால் என்று நினைத்தாள். நிமிர்ந்தாள். வலி நிற்கவில்லை. காலில் ஈரம் பட்டது. அது அலசின தண்ணீர் இல்லை என்று தெரிந்ததும் அப்படியே கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாடிப்படி ஏறிப் பார்த்தாள். அக்கா வீடு பூட்டியிருந்தது, சந்தைக்குப் போயிருந்தாள். வாண்டுவை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தாள். குழந்தையின் கனம் கூடாது என்று தெரியும். ஆனால் அவளை யாரிடம் விட்டுவிட்டு வருவது?

கேட்டில் நின்ற காவல்காரன் சின்னப் பையன். அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் முகமும் வெளுத்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல், வெளியே போய்க்கொண்டிருந்த முதல் வண்டியைக் கைகாட்டி நிறுத்தினான். பட்டாளத்துச் சமையல்கூடங்களுக்கு ரொட்டி போடுகிற வண்டி அது. ஓட்டுகிறவர் கட்டையாக, மீசை வைத்த மனிதர். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முன்சீட்டில் இருந்த தட்டுகளை எடுத்துப் பின்னால் அடுக்கிவிட்டு, "ஏறும்மா," என்றார். வாண்டுவைத் தன் பக்கம் உட்காரவைத்துக்கொண்டார். வண்டி முழுக்கச் சுடச்சுட ரொட்டி வாசனை. அதற்குப் பிறகு பல மாதங்களுக்கு அவளால் அந்த வாசனையைத் தாங்க முடியவில்லை.

பட்டாளத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள். "கூட யாரு வந்திருக்கா?"

அவள் பதில் சொல்வதற்குள் வாண்டு கையைத் தூக்கினாள். "நானு."

நர்ஸ் ஒரு கணம் அந்தக் குழந்தையைப் பார்த்தாள். பிறகு எதுவும் கேட்காமல் கதவைத் திறந்து அவளை உள்ளே அழைத்துப் போனாள். ரொட்டிக்காரர் வராந்தா பெஞ்சில் வாண்டுவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மற்ற முகாம்களுக்குப் போக வேண்டிய ரொட்டியெல்லாம் வெளியே வெயிலில் நின்றது.

எல்லாம் முடிந்த பிறகு டாக்டரம்மா வந்தாள். தூக்கம் கெட்ட முகம். "உன் தப்பு எதுவும் இல்லைம்மா. நிறைய பேருக்கு இப்படி ஆகுது. உனக்கு வயசு இருக்கு," என்றாள். அவள் தலையை ஆட்டினாள். என்ன கேட்டாலும் தலையை ஆட்டியிருப்பாள்.

மத்தியானம் மாடி அக்கா ஓடிவந்தாள். காவல்காரன் சொல்லியிருக்கிறான். சந்தைப் பையை வீட்டில் வைக்கக்கூட நேரமில்லாமல் அப்படியே கையில் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். வழக்கமாக ஊரைக் கூட்டுகிற அந்தக் குரல் அன்று எழவே இல்லை. கட்டிலில் உட்கார்ந்து அவள் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழுத்திவிட்டாள்.

"ஏண்டி என்கிட்டகூடச் சொல்லலை?" என்று கடைசியில் கேட்டாள்.

"அவர்கிட்ட முதல்ல சொல்லணும்னு இருந்தேன் அக்கா."

சில நாள் அக்காதான் சமைத்துப் போட்டாள். வாண்டுவைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். பிறகு திடீரென்று அக்காவின் கணவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. பட்டாளத்தில் எல்லாமே திடீரென்றுதான். கட்டில், அலமாரி, கவிழ்த்துக் கட்டின நாற்காலிகள் எல்லாம் லாரியில் ஏறின.

"அவர்கிட்ட சொல்லிடுடி. மனசுல வெச்சுப் புழுங்காதே," என்றாள் அக்கா லாரிப் பக்கத்தில் நின்று.

"இருந்ததையே சொல்லலை அக்கா. இல்லாம போனதை எப்படிச் சொல்றது?"

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு லாரியில் ஏறினாள்.

அக்கா போன பிறகு, நடந்தது தெரிந்தவர் என்று அந்தக் குடியிருப்பில் ஒருவரும் இல்லை. காவல்காரனையும் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். சில சமயம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, அப்படி ஒன்று நடந்ததா, நானாக நினைத்துக்கொண்டேனா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிடும். அம்மாவிடம் சொல்லலாம், அம்மா அழுது ஊரைக் கூட்டுவாள். அத்தையோ போன் போடும்போதெல்லாம், "அடுத்தது எப்போம்மா? இடைவெளி ரொம்ப விடக் கூடாது," என்பாள். "பாக்கலாம் அத்தை," என்று சொல்லிவிட்டு இவள் பேச்சை மாற்றுவாள்.

அவன் போன் வந்தது. இந்தத் தடவை டவர் நன்றாகக் கிடைத்திருந்தது. ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

"எப்படி இருக்கே?"

"நல்லா இருக்கேன்."

"குரல் ஒரு மாதிரி இருக்கே?"

"சளி."

"வாண்டுகிட்ட குடு."

வாண்டு சொல்லிவிடுவாளோ என்று பயம். கையை நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே குதித்துக்கொண்டிருந்தவளை ஒரு கையால் தள்ளிவைத்துக்கொண்டு, "தூங்குறா," என்றாள். அதற்கடுத்த தடவையும் அதையேதான் சொன்னாள். "இவ என்ன, எந்நேரமும் தூங்குறா?" என்று அவன் ஏமாற்றத்தோடு சிரித்தான்.

குளிர் தொடங்கும்போது அவனுக்கு லீவு கிடைத்தது. ஒரு மத்தியானம் வந்து இறங்கினான். வெயிலும் பனியும் சேர்ந்து முகத்தைக் கறுக்க வைத்திருந்தன. உதடு வெடித்திருந்தது. கூடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே வாண்டுவைப் பார்த்துக் கண்ணடித்தான். அவள் முதலில் அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தாள். அவன் முன்னால் போய் நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அம்மாவுக்குப் புரிவதற்குள் நடந்துவிட்டது.

"பாப்பா வதுது, அப்பா!"

சொல்லி முடித்து, தானே கைதட்டிக்கொண்டாள்.

அவன் கை கயிற்றிலேயே நின்றது. நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். அப்படி ஒரு சந்தோஷத்தை அவன் முகத்தில் கல்யாணத்தன்றுகூட அவள் பார்த்ததில்லை. "நெஜமாவா? ஏய், நெஜமாவா?" என்று எழுந்தான். ஒரு காலில் பூட்ஸ், ஒரு காலில் இல்லை.

"இல்லைங்க," என்றாள்.

"என்ன இல்லை?"

"இருந்துச்சு. இப்ப இல்லை."

வாண்டு இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தாள், பாராட்டுக்காக இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, நடந்ததை நாலைந்து வாக்கியத்தில் சொன்னாள். எப்படிச் சொல்லப் போகிறோம் என்று மாதக்கணக்கில் மறுகினது, சொல்லும்போது மளிகைச் சாமான் சொல்வதுபோல வந்தது. துவைக்கிற கல், ரொட்டி வண்டி, டாக்டரம்மா, மாடி அக்கா.

"எனக்கு போன் போட்டியா?"

"இல்லை."

"ஒரு தடவைகூடவா போடலை?"

"போட்டு? அங்கேருந்து என்ன பண்ணியிருப்பீங்க? லாரியைப் பள்ளத்துல விட்டிருப்பீங்க."

"அதை நான்தானே முடிவு பண்ணணும்?" அவன் குரல் உயர்ந்தது. "மாடி வீட்டு அக்காவுக்குத் தெரியுது. எவனோ ரொட்டி வண்டிக்காரனுக்குத் தெரியுது. எனக்குத் தெரியக் கூடாதா? நான் யாரு இந்த வீட்டுல?"

அவன் பின்பக்கம் போனான். குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவிக்கொண்டே இருக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அதன் பிறகு வந்த நாட்களில் அவன் வீட்டில் இருந்த எல்லாவற்றையும் ரிப்பேர் செய்தான். ஒழுகின குழாய், இறுகின தாழ்ப்பாள், சத்தம் போட்ட மின்விசிறி. கெட்டுப்போகாத மிக்ஸியையும் கழற்றித் துடைத்துப் பூட்டினான். வாண்டுவோடு விளையாடினான். மனைவியிடம் "உப்பு", "துண்டு", "வெளிய போயிட்டு வரேன்" என்று மட்டும் பேசினான். அவன் இல்லாதபோது தனியாக இருந்ததைவிட, அவன் பக்கத்தில் இருக்கும்போது தனியாக இருந்தது அவளுக்குப் பெரிய வேதனையாக இருந்தது.

ஒரு நாள் காலையில் வாண்டுவுக்குச் செருப்பு வாங்க மூவரும் கடைக்குக் கிளம்பினார்கள். கேட்டருகே ரொட்டி வண்டி நின்றிருந்தது. வாண்டு அப்பாவின் கையை உதறிவிட்டு, "ரொட்டி மாமா!" என்று ஓடினாள்.

மீசைக்காரர் குனிந்து அவளைத் தூக்கினார். பின்னால் வந்தவனைப் பார்த்ததும் சட்டென்று இறக்கிவிட்டு, மாவு படிந்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"நீங்கதான் பாப்பாவோட அப்பாவா சார்?"

"ஆமா. அன்னிக்கு நீங்கதான்..."

"அட, விடுங்க சார். என்ன பெரிசா பண்ணிட்டேன்? அன்னிக்கு ரொட்டி லேட்டுன்னு நாலு முகாம்ல திட்டு வாங்கினேன். என் பொண்டாட்டிகிட்ட வாங்குறதுக்கு முன்னாடி அதெல்லாம் ஒண்ணுமே இல்லை." சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "பாவம் சார் இந்தப் பொண்ணு. அந்த வலியில வழியெல்லாம் உங்களுக்குத்தான் போன் போட்டுக்கிட்டே வந்துச்சு. சிக்னல் இருக்கா அண்ணே, இங்க இருக்கா அண்ணேன்னு கேட்டுக்கிட்டே. என் போனை வாங்கியும் போட்டுச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல இறங்கற வரைக்கும் காதுல இருந்து எடுக்கவே இல்லை," என்றார்.

வண்டி போய்விட்டது. கடைத்தெருவுக்குப் போகிற சாலையில் மூவரும் நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் அவன் சாலையோரச் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டான்.

"போடலைன்னு சொன்னியே?"

"ஆமா."

"ஏன் பொய் சொன்னே?"

"போட்டேன், நீங்க எடுக்கலைன்னு சொன்னா என்ன ஆகும்? திரும்ப அந்த மலைக்குத்தானே போகணும் நீங்க. அதையும் சுமந்துக்கிட்டா?"

அவன் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் போன் பண்ணினதுக்கு அடுத்த சனிக்கிழமைன்னு சொன்னே இல்லே? அந்த வாரம் மண் சரிஞ்சு ரோடு அடைஞ்சு போச்சு. வரிசையா லாரி நிக்குது. நாங்க போர்வையை விரிச்சு சீட்டு ஆடினோம். நான்தான் ஜெயிச்சேன். அவ்வளவு சிரிப்பு." உள்ளங்கையால் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். "நீ போட்டுக்கிட்டே இருந்திருக்கே. நான் சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உங்களுக்குத் தெரியாதுல்லே," என்றாள்.

"அதுதான் தாங்கலை."

அவன் தோள் குலுங்கியது. தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று அவள் விட்டுவிட்டாள். அவளுக்கும் அப்போதுதான் அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில் வரவில்லை, அக்காவின் லாரி போனபோது வரவில்லை. நட்டநடுத் தெருவில், பகல் வெளிச்சத்தில் வந்தது. வாண்டு இருவருக்கும் நடுவில் புகுந்து உட்கார்ந்து, "செப்பு வாங்கலாம்," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய்ச் செருப்பு வாங்கினார்கள்.

மீதி இருந்த நாட்களில் அவர்கள் நிறையப் பேசினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அவன் அவளிடம் கேட்டான். டாக்டர் என்ன சொன்னாள், வலி எவ்வளவு நேரம் இருந்தது, இப்போது உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றாக. சிலதற்கு அவள் பதில் சொன்னாள். சிலதற்குச் சொல்ல முடியவில்லை, அவன் வற்புறுத்தவில்லை. லீவு முடிந்தது. வண்டியில் ஏறும் முன், "இனிமே எதுவா இருந்தாலும் சொல்லு. என்னால ஒண்ணும் பண்ண முடியாதுதான். இருந்தாலும் சொல்லு," என்றான்.

அவன் போன பிறகு வீடு பழையபடி ஆனது. மாடி வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் கதவைச் சாத்தியே வைத்திருந்தார்கள். வாண்டு புதுச் செருப்போடு கூடத்தில் டக்டக்கென்று நடந்தாள். வாரங்கள் போயின. டவர் கிடைக்கவில்லை.

ஒரு மாலை அவள் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"கேக்குதா?" என்றான்.

"கேக்குது."

நல்லா இருக்கியா, வாண்டு சாப்பிடுறாளா, குளிர் எப்படி என்று வழக்கமான பேச்சு. பிறகு அவன் சொன்னான். "லாரியில புதுசா ஒருத்தன் கூட வரான். நல்ல பையன். உங்களுக்கு எத்தனை குழந்தைன்னு கேட்டான்."

அவள் துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டாள்.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுன்னு சொன்னேன். சொல்லிட்டேனே தவிர, ஒண்ணைக் குறைச்சுச் சொன்ன மாதிரி இருந்துச்சு. அப்புறம் நாள் பூரா வண்டி ஓட்டவே மனசில்லை."

"எனக்கும் அப்படித்தாங்க," என்றாள் அவள். "யார் கேட்டாலும்."

மலையில் வீசும் காற்று போனில் இரைந்தது. பின்னால் யாரோ தன் முறைக்காக அவனை அவசரப்படுத்தினார்கள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், லைன் போய்விட்டது.

அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு மீதித் துணிகளை எடுத்தாள். வாண்டுவின் கவுன், தன் புடவை, அவன் விட்டுவிட்டுப் போன ஒரு பனியன். எல்லாவற்றையும் தோளில் போட்டுக்கொண்டு, குழந்தைக்குச் சோறு ஊட்ட உள்ளே போனாள்.